வேகாத பல் செட்

பல் செட் கட்டுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. செட் சரியில்லை என்று சண்டைக்கு வருகிறவர் முதலில் அதைக் கழற்றிக் கையில் வைத்துக் காட்டியாக வேண்டும். கழற்றிவிட்டால் அவர் திட்டுவது யாருக்கும் புரியாது. ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் கடை வைத்திருந்த யேசுராஜ் இந்த வேடிக்கையை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். எழுபத்து நாலாம் வருஷத்துத் தவக்காலத்துக்குப் பிறகு அவன் அதைச் சொல்வதில்லை.

அவன் டாக்டர் இல்லை. ஊர்தான் அவனைப் பல் டாக்டர் என்றது. அவன் மறுத்துப் பார்த்து அலுத்துவிட்டான். மதராஸில் ஒரு பல் வைத்தியரின் பின்னறையில் எட்டு வருஷம் செட் வார்த்துத் தொழில் கற்றவன். வீடு ஒரகடம் போகிற சாலையில், மாதா கோயில் இருக்கிற ஒரு சிற்றூரில். காலையில் சைக்கிள் மிதித்து வந்து கடையைத் திறப்பான், வெயில் தாழ்ந்ததும் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான்.

அதே ஊரில், அதே கோயிலில் முன்னால் நின்று ஜெபம் சொல்கிறவள் சூசையம்மாள். ஐம்பத்தைந்து வயது. புருஷன் போய்ச் சேர்ந்து வெகு காலமாகிவிட்டது, பிள்ளை குட்டி கிடையாது. எனக்கு இருக்கிற சொத்து இரண்டு எருமையும் ஒரு வாயும் என்று அவளே சொல்வாள். அந்த வாய்க்கு ஊரே கொஞ்சம் அடங்கித்தான் இருந்தது. பூசைக்குத் தாமதமாக வருகிற நாளில் சாமியார்கூட அவள் பக்கம் பார்க்காமல் பீடத்துக்கு ஏறிவிடுவார்.

அப்பேர்ப்பட்ட வாயில் பல் ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்து, கடைசி நாலும் ஐப்பசியில் போய்விட்டன. கிறிஸ்துமஸ் அன்று அவள் சொன்ன ஜெபத்தில் பாதி காற்றாகப் போயிற்று. முன்னால் உட்கார்ந்திருந்த பொடிசுகள் சிரித்தன. சாம்பல் புதனன்று தவக்காலம் தொடங்கிவிட்டால் வெள்ளிக்கிழமை தோறும் சிலுவைப் பாதை. ஆண்டவர் சிலுவை சுமந்துபோன பதினாலு ஸ்தலத்துக்கும் புத்தகத்தைப் பார்த்து வாசிப்பது இருபது வருஷமாக அவள்தான். அவள் நேராக யேசுராஜின் கடைக்கு வந்தாள்.

“யேசுராசு, சாம்பல் புதனுக்குள்ள எனக்குப் பல்லு கட்டிக் குடுத்துடு. பதினாலு ஸ்தலத்துக்கும் நான் புஸ்ஸு புஸ்ஸுனு ஊதிக்கினு நின்னா, ஆண்டவரு சிலுவையத் தூக்குவாரா, சிரிப்பாரா?”

“கட்டிக் குடுத்துடறேன்க்கா. செவ்வாக்கெழம உங்க வாயில இருக்கும்,” என்றான் யேசுராஜ். அந்த வாக்கைக் கொஞ்சம் பெருமையாகத்தான் கொடுத்தான்.

பல் செட்டில் பெரிய மாயம் எதுவும் இல்லை. ரோஸ் நிறத்தில் ஒரு பவுடர், தண்ணீர் போல ஒரு லிக்விட். மூன்று பங்குக்கு ஒரு பங்கு. இரண்டையும் கலந்து ஜாடியை மூடி வைத்தால் முதலில் ஈர மணலாக இருக்கும், அப்புறம் பலாப்பால் மாதிரி நூல் இழுக்கும், அப்புறம் விரலில் ஒட்டாத மாவாகத் திரளும். அந்தப் பதத்தில் எடுத்து, பல் வரிசை பதித்த பிளாஸ்டர் அச்சுக்குள் அமுக்கி, பித்தளைப் பெட்டியை மூடி, கிளாம்ப் போட்டு முறுக்கி, டேக்சாவில் தண்ணீர் வைத்து அதில் வேகவைக்க வேண்டும். வெந்தால் லிக்விட் எல்லாம் பவுடரோடு சேர்ந்து கல்லாகிவிடும். சரியாக வேகாவிட்டால் கொஞ்சம் லிக்விட் பச்சையாகவே உள்ளே தங்கிவிடும். அது வாயில் கசிந்தால் மேலண்ணமும் ஈறும் வெந்து போகும்.

வேகவைக்கவும் முறை உண்டு. முதல் ஒன்றரை மணி நேரம் தண்ணீர் கொதிக்கக் கூடாது, விரல் வைத்தால் சுரீரென்று சுடுகிற சூட்டிலேயே நிற்க வேண்டும். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் தளதளவென்று கொதிக்க வேண்டும். எடுத்த எடுப்பில் கொதிக்கவிட்டால் உள்ளே இருக்கிற லிக்விட்டே கொதித்து, செட்டில் குமிழ் குமிழாக ஓட்டை விழும். அதைக் குருடன்கூடத் தடவிக் கண்டுபிடித்துவிடுவான். ஆனால் கடைசியில் கொதிக்க வைக்கிற அந்த ஒரு மணி நேரத்தை விட்டுவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. மெருகு போட்டால் பளபளவென்றுதான் இருக்கும்.

அந்த வருஷம் மண்ணெண்ணெய் குதிரைக்கொம்பாக இருந்தது. ரேஷன் கடை வாசலில் டின்களை வரிசையாக வைத்துவிட்டு ஜனங்கள் மர நிழலில் காத்துக் கிடந்தார்கள். திங்கட்கிழமை காலை யேசுராஜின் கையில் இருந்தது ஒரே ஒரு பாட்டில். அவன் மனைவி அற்புதமேரிக்கு அப்போது ஆறாம் மாதம். அதற்கு முன் இரண்டு தடவை தரித்து இரண்டும் தங்கவில்லை. ஒன்று ஐந்தாம் மாதத்தில் போயிற்று, ஒன்று ஏழாம் மாதத்தில். விறகடுப்பு முன் குனிந்து ஊதவே கூடாது, தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும் என்று லேடி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். வீட்டு ஸ்டவ் வறண்டு கிடந்தது. அவன் பாட்டிலில் பாதியை வீட்டுக்கென்று முதலிலேயே தனியாக ஊற்றி மூடி வைத்துவிட்டான்.

மீதியை வைத்து இரண்டரை மணி நேரம் ஓட்ட முடியாது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு நாள் பொறுங்கள் அக்கா என்று சொல்லியிருக்கலாம். சொன்ன தேதியில் கொடுக்கவில்லை என்ற பேர் வர அவனுக்கு இஷ்டமில்லை. இருந்த எண்ணெயில் கொதிக்க வைத்துச் சட்டென்று முடித்தால் ஓட்டை விழும், காட்டிக் கொடுத்துவிடும். இளஞ்சூட்டிலேயே விட்டால் காட்டிக் கொடுக்காது. அவன் இளஞ்சூட்டில் விட்டான். ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே எரிந்து திரி புகைந்து அணைந்தது. எண்ணெய் கிடைக்கவில்லை என்றோ, கர்ப்பிணிக்காகச் செய்தேன் என்றோ பிற்பாடு அவன் சமாதானம் சொல்லிப் பார்த்துக்கொண்டதுண்டு. எந்தக் குறை வெளியே தெரியாது என்று அந்த டேக்சா முன்னால் உட்கார்ந்து யோசித்தானே, அதற்கு மட்டும் அவனுக்குச் சமாதானம் கிடைக்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை சூசையம்மாள் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு சிரித்தாள். திரும்பி நின்று ஒரு தடவை, நேராக நின்று ஒரு தடவை. “ஏண்டா, இவ்ளோ லட்சணமா ஒருத்தி என் மூஞ்சிக்குள்ள இருந்தாளா?” என்றாள். அங்கேயே பரலோக மந்திரத்தைச் சொல்லிப் பார்த்தாள். ஒரு எழுத்து தப்பவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் திரும்பவும் வந்தாள். கடையில் அளவு கொடுப்பதற்காகப் படப்பையிலிருந்து வந்திருந்த ஒரு மளிகைக்கடைக்காரர் உட்கார்ந்திருந்தார்.

“மொளகாய அரைச்சு அப்பினாப்ல எரியுதுடா,” என்றாள் சூசையம்மாள். “இன்னானு பாரு.”

யேசுராஜ் செட்டைக் கழற்றச் சொல்லி வாய்க்குள் பார்த்தான். மேலண்ணத்தில் செட் உட்கார்ந்த இடம் மட்டும் வரைந்து வைத்த மாதிரி சிவந்து கிடந்தது. பார்த்த உடனே அவனுக்குத் தெரிந்துவிட்டது. மளிகைக்கடைக்காரர் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“புது செட்டுன்னா அப்டித்தான்க்கா கொஞ்ச நாளைக்கு இருக்கும். பொறுத்துக்குங்க. ராத்திரில கழட்டித் தண்ணில போட்டு வைங்க.”

“பொறுத்துக்கினா சரியாப் போயிடுமா?”

“போயிடும்.”

அவள் ஒரு கணம் யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினாள். செட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அவன் மனதுக்குள் கணக்குப் போட்டான்: தினம் ராத்திரி தண்ணீரில் ஊறினால் பச்சை லிக்விட் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து போய்விடும், பத்து பதினைந்து நாளில் எரிச்சல் அடங்கிவிடும். கணக்கு தப்பில்லை. அதற்கப்புறம் அவள் கடைப்பக்கம் வரவும் இல்லை. அப்பாடா என்று இருந்தான்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதையில் அவளைப் பார்த்தபோது அவனுக்குத் திக்கென்றது. ஆள் இளைத்துப் போயிருந்தாள். ஒவ்வொரு ஸ்தலம் முடிந்ததும் பக்கத்தில் வைத்திருந்த சொம்பிலிருந்து ஒரு வாய் தண்ணீரை வாங்கிக் கொப்பளிக்காமல் அப்படியே வைத்திருந்து விழுங்கினாள். குரல் மட்டும் குறையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அற்புதமேரி சொன்னாள்:

“சூசக்கா அந்த செட்டக் கழட்டறதே இல்லியாம்ங்க. ராவும் பகலும் வாயிலயேதான் கீதாம்.”

“ஏன்? நான்தான் ராத்திரில கழட்டி வைக்கச் சொன்னனே?”

“பொறுத்துக்குங்கன்னும் சொன்னீங்களாமே. அன்னிக்கே முடிவு பண்ணிட்டாங்களாம். சாப்பாட்ட ஒறுத்தல் பண்றது எல்லாரும் பண்றதுதான், ஆண்டவராப் பாத்து எனக்கு ஒண்ணு அனுப்பிகீறாரு, பாஸ்காத் திருநாளு வரைக்கும் இந்த எரிச்சல அப்டியே தாங்கி ஒப்புக்குடுக்கறேன்னு நேந்துகினாங்களாம்.” அற்புதமேரி தட்டில் ரசம் ஊற்றினாள். “நம்ம கொழந்தைக்கோசரம்ங்க. இந்தத் தடவ நல்லபடியாப் பொறக்கணும்னு. நேத்து வந்து என் தலைல கைய வெச்சுட்டு, நீ நிம்மதியாத் தூங்குடி, ஒனக்காவ எரியறதுக்கு நான் கீறேன்னாங்க. நேத்து ராத்திரிதான் நான் நல்லாத் தூங்கனேன்.”

உண்மைதான். நாலு மாதமாகச் சின்ன வலிக்கெல்லாம் எழுந்து உட்கார்ந்து அழுகிறவள் முந்தின ராத்திரி விடியும் வரை அசையாமல் தூங்கினாள். அவனே பார்த்துச் சந்தோஷப்பட்டிருந்தான். இப்போது அவன் தட்டை நகர்த்தி வைத்தான். தான் சேமித்த அரை பாட்டில் எண்ணெயில் காய்ச்சிய தண்ணீரை மனைவி குடித்தாள். அந்த எண்ணெய் இல்லாமல் வேகாத செட் அவளுக்காகவே ஒருத்தியின் வாயைப் புண்ணாக்கிக்கொண்டிருக்கிறது. யேசுராஜுக்குத் தன்னைப் பார்த்தே அருவருப்பாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்காலிட்டான். “தொழில்ல கொஞ்சம் கவனக்குறைவா இருந்துட்டேன் சாமி. ஒரு பொய்யும் சொன்னேன்,” என்றான். வேறே என்றார் சாமியார். வேறே ஒன்றுமில்லை என்றான். அவர் மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடித்துவிட்டான். வெளியே வந்து சைக்கிளைப் பிடித்தபோதுதான், பாவத்தையும் அரைவேக்காடாகத்தான் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம் என்று உறைத்தது.

திங்கட்கிழமை கடையைத் திறக்காமல் ரேஷன் கடை வரிசையில் நின்றான். இரண்டு லிட்டர் கிடைத்தது. சூசையம்மாளின் வாய்க்கு எடுத்த பிளாஸ்டர் அச்சு பென்சிலில் பேர் எழுதி அலமாரியில் இருந்தது. மெழுகில் பல் வரிசையை முதலிலிருந்து அடுக்கினான். பழைய செட்டையே வாங்கிக் கொதிக்க வைத்தால் வளைந்து போய்விடும், வாயில் உட்காராது. மாவைத் திரட்டி, அமுக்கி, முறுக்கி, டேக்சாவில் வைத்தபிறகு அந்த இரண்டரை மணி நேரமும் டீ குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. தண்ணீர் தானாக ஆறும் வரை பெட்டியைத் தொடவும் இல்லை. மெருகு போட்டு இரண்டு நாள் தண்ணீரில் ஊறவைத்தான். முகர்ந்து பார்த்தால் லிக்விட்டின் அந்தக் காரமான நெடி துளிகூட இல்லை. முதல் தடவையே இப்படிச் செய்திருக்கக் கூடாதா என்று அழுகை வந்தது.

வியாழக்கிழமை காலை டப்பாவை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனான். சூசையம்மாள் எருமைக்குப் புல் போட்டுவிட்டுக் கஞ்சியை ஆறவைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, அந்த செட்டக் குடுத்துட்டு இதப் போட்டுக்குங்க. புதுசா ஒண்ணு கட்டிக் கொண்டாந்துகீறேன்.”

“பாஸ்கா முடியட்டும்.”

“அளவுல ஒரு சின்னத் தப்பு ஆயிப்போச்சுக்கா.”

“அளவு கச்சிதமா கீது. எரியுது, அவ்ளோதான். எரியட்டும். ஒம் பொண்டாட்டிக்கு ஏழாம் மாசம். போன தடவ போனதும் இதே மாசந்தான், மறந்துட்டியா? இப்பப் போயி நான் கழட்டுவனா?”

சொல்லாமல் அது அவள் வாயைவிட்டு வராது என்று அவனுக்குப் புரிந்தது. நின்றபடியே சொன்னான்.

“அக்கா, அது வேகல. பாதிதான் வேகவெச்சேன். எண்ணெ பத்தல. பச்ச மருந்து உள்ளயே நின்னுப்போச்சு, அதான் உங்க வாயப் புண்ணாக்குது. புதுசுன்றதால எரியல. அன்னிக்கு உங்க வாயப் பாத்ததுமே எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் பொறுத்துக்குங்கன்னேன்.”

சூசையம்மாள் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். கீழ்ச் செட்டைக் கழற்றினாள், மேல் செட்டைக் கழற்றினாள். முகம் உள்ளே விழுந்து ஒரு நொடியில் கிழவியானாள். உள்ளங்கையில் இருந்த செட்டின் ஓரத்தில் ரத்தம் கோடாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பேசினாள். பல் இல்லாத வாயிலிருந்து வந்த ஒவ்வொரு சொல்லும் அவனுக்குப் புரிந்தது.

“ஒரு மாசம்டா. ஒரு மாசமா ஒரு வாய் சோறு மென்னு துன்னல. அத்தினியும் எடுத்துக்கினு போயி ஆண்டவரு காலண்ட வெச்சேன். அவரு அனுப்பினதுன்னு நெனைச்சேன். நீ செஞ்ச கோளாறையாடா நான் அவருக்குப் படைச்சிக்கினு இருந்தேன்?”

“என்ன அடிங்கக்கா.”

“அடிச்சா ஒனக்கு லேசாப் பூடும்.”

அவன் அழுதான். அவள் தடுக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை. எருமையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன், “மேரிகிட்டயும் இன்னிக்கே சொல்லிடறேன்க்கா. இனிமே எதையும் மறைக்கல,” என்றான்.

அவள் வெடுக்கென்று திரும்பினாள். “சொல்லு. சொல்லிட்டு நீ நல்லாத் தூங்கு. அவ? நான் எரிஞ்சிக்கினு கீறேன்ற தகிரியத்துலதான அவ கண்ண மூடறா? அது சாமி காரியம் இல்லடி, ஒம் புருசன் அரகொறையா வேகவெச்சதுதாண்டின்னு ஏழாம் மாசத்துல போயி சொல்வியா? கொழந்த கையில வர்ற வரைக்கும் நீ வாயத் தொறக்கக் கூடாது.”

“அவ உங்களக் கேட்டா?”

சூசையம்மாள் ரத்தம் பட்ட செட்டைக் கீழே வைத்தாள். புதுச் செட்டை டப்பாவிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டாள். நாக்கால் மேலண்ணத்தைத் தடவிப் பார்த்தாள்.

“இது எரியல,” என்றாள். அதில் சந்தோஷம் இல்லை. “கேட்டா, எரியுதுன்னு சொல்றேன். இந்த வயசுக்கு நான் ஒரு பொய்யி சொன்னதில்லடா. ஒன்னால சொல்லப் போறேன். போ.”

மறுநாள் வெள்ளிக்கிழமை. அற்புதமேரியால் முழங்காலிட முடியாது என்பதால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். யேசுராஜ் அவள் பக்கத்தில் நின்றான். சூசையம்மாள் புத்தகத்தை விரித்து முதல் ஸ்தலத்தை வாசித்தாள். பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பு இல்லை. குரல் கோயில் முழுக்கக் கணீரென்று நிறைந்தது. நல்ல செட், நன்றாக வெந்த செட் என்று அவன் காது அவனையும் மீறிக் கணித்தது.

ஆண்டவர் முதல் தடவை கீழே விழுகிற ஸ்தலத்தில் அவள் வாசிப்பை நிறுத்தினாள். தலையைத் திருப்பிக் கடைசி பெஞ்சைத் தேடிப் பார்த்தாள். அற்புதமேரி தன்னைப் பார்க்கிறாள் என்று தெரிந்ததும் கையைத் தூக்கிக் கன்னத்தில் வைத்துக் கண்ணை இறுக்கி மூடினாள். கொஞ்சமும் பழக்கமில்லாத நடிப்பு. அடுத்த ஸ்தலத்தில் வலது கன்னம், அதற்கடுத்ததில் மறந்துபோய் இடது கன்னம். ஆண்டவரின் சிலுவைக்கு முன்னால் நின்று, பொய்யே சொல்லத் தெரியாதவள் ஒவ்வொரு ஸ்தலத்துக்கும் ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டு போனாள். யேசுராஜால் அவளைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

அற்புதமேரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இன்னொரு கை வயிற்றின் மேல் இருந்தது.

“பாருங்க, இன்னும் எப்டி எரியுது அவங்களுக்கு,” என்று கிசுகிசுத்தாள். “உங்களுக்குப் பாக்கவே கஷ்டமா இல்ல?”

“கஷ்டமாத்தான் கீது,” என்றான் யேசுராஜ். அந்தத் தவக்காலம் முழுவதும் அவன் அவளிடம் சொன்ன உண்மை அது ஒன்றுதான்.